வாலி கேட்ட கேள்வியைப் பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள்

போன வாரம் ஒரு தாயார் வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்து நின்றார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம் மகள் இனி இராமாயண வகுப்புக்கு வரமாட்டாள் என்றார். ஏன் என்று கேட்டேன். "இராமன் மறைந்து நின்று வாலிமேல் அம்பு விட்டது நியாயமா என்று அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறாள், டீச்சர். அவர்கள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை. பக்தி வளரட்டும் என்றுதானே உங்களிடம் அனுப்பினோம்?" என்றார்.

இது முதல் முறை என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். காரைக்குடியில் பள்ளித் தமிழாசிரியையாக இருந்துகொண்டு, வார இறுதியில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இராமாயணமும் பாரதமும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் இதே புகார் வேறு வேறு வாயிலிருந்து வருகிறது. ஏகலைவன் கட்டைவிரலைப் பற்றிக் கேட்ட பையனுக்கு வீட்டில் அடி விழுந்தது. சீதை ஏன் தீயில் இறங்க வேண்டும் என்று கேட்ட பெண்ணிடம், "இதெல்லாம் பெரியவர்கள் விஷயம்" என்றார்கள். அதே பெண்ணைத்தான் அடுத்த மாதம் "சீதையின் பெருமை" என்று பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

கேள்வி கேட்டால் பக்தி போய்விடும் என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? கம்பனிடமிருந்து வரவில்லை. வான்மீகியிடமிருந்தும் வரவில்லை. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் பிள்ளை கேட்ட கேள்வியை அவளுக்கு முன்பே ஒருவன் கேட்டிருக்கிறான். அவன் பெயர் வாலி, குரங்கினத்து அரசன். தம்பி சுக்கிரீவனோடு அவன் சண்டை போடும்போதுதான் இராமன் மறைந்து நின்று எய்தான். அம்பு தைத்து மண்ணில் விழுந்து கிடக்கிறான். அந்த அம்பிலேயே இராமன் என்ற பெயரைப் படிக்கிறான். பிறகு இராமன் நேரில் வந்து நிற்க, முகத்துக்கு நேரே கேட்கிறான்:

வீரம் அன்று விதி அன்று மெய்ம்மையின்
வாரம் அன்று நின் மண்ணினுக்கு என் உடல்
பாரம் அன்று பகை அன்று பண்பு ஒழிந்து
ஈரம் இன்றி இது என் செய்தவாறு அரோ

இது வீரமும் இல்லை, முறையும் இல்லை. உன் நிலத்துக்கு என் உடல் சுமையும் இல்லை. உனக்கும் எனக்கும் பகையும் இல்லை. பிறகு ஏன் இப்படிச் செய்தாய்? அவன் இதோடு விடவில்லை. "அரக்கன் ஓர் அழிவு செய்து கழிவனேல், அதற்கு வேறு ஓர் குரக்கு இனத்து அரசைக் கொல்ல மனுநெறி கூறிற்று உண்டோ?" என்கிறான். உன் மனைவியைத் தூக்கிப் போனவன் ஒருவன், நீ கொன்றது வேறொருவனை, இது எந்தச் சாத்திரம் என்கிறான். இதைவிடக் கடுமையாக எந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியும் கேட்டுவிட முடியாது. கம்பன் இந்தக் குற்றச்சாட்டை ஒரே பாட்டில் சொல்லி ஒதுங்கவில்லை. பாட்டுக்கு மேல் பாட்டாக வாலியைப் பேசவிடுகிறான். வான்மீகியிலும் கிட்கிந்தா காண்டத்தில் வாலி குற்றம் சாட்டுவதும் இராமன் மறுமொழி சொல்வதுமாகச் சருக்கங்கள் இருக்கின்றன. இரண்டு மகாகவிகள் இடம் ஒதுக்கிக் கொடுத்த கேள்விக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் இடம் இல்லையா?

இன்னும் கேளுங்கள். இராமன் பல வாதங்களுக்குத் தானே விடை சொல்கிறான். ஆனால் நேருக்கு நேர் வராமல் மறைந்து நின்று எய்தது ஏன் என்று வாலி கேட்கும்போது, கம்பனில் பதில் சொல்ல வருபவன் இலக்குவன். உன் தம்பி முன்பே சரண் புகுந்துவிட்டான். நேரில் நின்றிருந்தால் நீயும் அடைக்கலம் என்று விழுந்திருப்பாய். அதனால்தான் மறைந்து நின்றார் என்கிறான். வகுப்பில் இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அண்ணனைக் கேட்ட கேள்விக்குத் தம்பி ஏன் பதில் சொல்கிறான் என்று மட்டும் கேட்பேன். இராமனுக்கே மனத்தில் உறுத்தல் இருந்தது என்று ஒருவன் சொல்வான். தன்னைத் தானே நியாயப்படுத்துவது பெரியவர்களுக்கு அழகில்லை என்று இன்னொருவன். வீட்டில் அப்பத்தாவை வருத்தப்பட வைத்தாளே, அந்தப் பெண் சொன்னாள்: "தம்பியால் செத்தவனுக்குத் தம்பிதான் சமாதானம் சொல்ல முடியும்." இத்தனை நாளில் எந்தப் பட்டிமன்ற மேடையிலும் நான் கேட்காத விடை இது. அந்தப் பெண்ணைத்தான் வகுப்பிலிருந்து நிறுத்தப் பார்க்கிறார்கள்.

வாலி கடைசியில் என்ன ஆகிறான் என்பதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அத்தனை கேள்வியும் கேட்டவன்தான் இராமனைப் பரம்பொருளாகக் கண்டு வணங்குகிறான். என் தம்பி மதுவைக் குடித்துப் புத்தி மாறித் தவறு செய்தால், என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விடாதே என்று கேட்டுக்கொள்கிறான். தன் மகன் அங்கதனை இராமன் கையிலேயே ஒப்படைக்கிறான். இராமன் தன் உடைவாளை அந்தப் பிள்ளையிடம் நீட்டி, "நீ இது பொறுத்தி" என்கிறான். கேள்வி முடிந்த இடத்தில்தான் இங்கே பக்தி பிறக்கிறது. பாதியில் வாயை அடைத்தால் பிள்ளைக்குக் கிடைப்பது குற்றச்சாட்டு மட்டும்தான். மீதிக் கதை அவளுக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

இந்த மீதியைக் காட்ட நம் ஊரில் புத்தகம்கூடத் தேவையில்லை. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு நிலைக்கு மேலே தேக்கில் செதுக்கிய இராமர் பட்டாபிஷேகம் எத்தனையோ இருக்கிறது. உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகும்போது பிள்ளையை அந்த நிலைக்குக் கீழே நிறுத்துங்கள். "அரியணை அனுமன் தாங்க, அங்கதன் உடைவாள் ஏந்த, பரதன் வெண்குடை கவிக்க" என்ற பாட்டைச் சொல்லிவிட்டு, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆசாரியும் ஒவ்வொரு விதமாகச் செதுக்கியிருப்பார். பாட்டில் உள்ளவர் மரத்தில் இல்லாமல் போகலாம், மரத்தில் உள்ளவர் பாட்டில் இல்லாமல் போகலாம். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாடம். ஒருமுறை ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையன் ஏணி வைத்து ஏறி, ஒட்டடையைத் துடைத்துவிட்டு, அரியணைக்குப் பக்கத்தில் வாலோடு நிற்கும் சிறிய உருவத்தின் கையைத் தடவிப் பார்த்தான். கையில் இருந்தது வாள். "இவன் அப்பாவைத்தானே கொன்றார்கள்?" என்று மேலே இருந்தபடியே கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் அவனை ஏறவிட்டேன். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட நிலைகளும் தூண்களும் விலைக்கு நிற்கின்றன. விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. பெரிய வீட்டைப் பராமரிப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஆனால் அதில் இருப்பது யார் என்று வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லாமலே விற்றுவிடுகிறோமே, அதுதான் பொறுக்கவில்லை.

நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்கிறது. குழந்தைக்குத் தமிழ் வர வேண்டும் என்று அங்கிருந்து மண் எடுத்து நாவில் வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பால் குடிக்கிற வயதில் கம்பன் மண்ணை நாவில் வைக்கிறீர்கள். பதினான்கு வயதில் அந்த நாக்கு கம்பனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், பேசாதே என்கிறீர்கள். தயவுசெய்து கொஞ்சம் யோசியுங்கள்.

எதிர்த்துப் பேசும் பிள்ளை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. நகரத்தார் சமூகத்தின் ஒன்பது கோயில்களில் ஒன்று இரணியூர். அந்தத் தலத்தின் கதையே இரணியனை வதைத்த நரசிம்மரைப் பற்றியது. இரணியனை ஒழிக்கத் தேவர்கள் கூடிப் பேசிய இடம் என்று திருக்கோஷ்டியூருக்குத் தலபுராணம். வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் யுத்த காண்டத்தில் கொண்டுவந்து வைத்தான். அதில் பிரகலாதன் யாரிடம் வாதாடுகிறான்? பாடம் சொல்ல வந்த வாத்தியாரிடமும் பெற்ற தகப்பன் இரணியனிடமும். "தூணினும் உளன், நீ சொன்ன சொல்லினும் உளன்" என்று அரசனாகிய அப்பாவிடம் நின்று சொன்ன சிறுவனைக் கும்பிடுகிறோம். நம் வீட்டுச் சிறுவன் வாய் திறந்தால் மட்டும் ஏன் பதறுகிறோம்?

கேள்வியால் கம்பன் தேய்ந்துபோகவும் இல்லை. கம்ப ராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று 1943இல் அண்ணா வாதிட்டார், ரா. பி. சேதுப்பிள்ளை மேடையேறி மறுத்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1939இல், சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் இன்றும் பங்குனியில் விழா எடுக்கிறது. சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவா, பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரானவர், கம்பனை மேடை மேடையாகக் கொண்டாடினார். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இஸ்மாயில் வாலி வதையை வழக்கு விசாரிப்பதுபோல் ஆராய்ந்து எழுதினார். இவர்கள் யாரும் கண்ணை மூடிக்கொண்டு படித்தவர்கள் இல்லை. என் வகுப்பில் இஸ்லாமியப் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் கேட்பார்கள், கேட்கட்டும்.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியில் இராமாயணம் என்று பார்ப்பதில் பாதி இராமாயணமே இல்லை. இலக்குவன் கோடு போட்டான் என்பது வான்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. அணில் மணல் சுமந்த கதையும் இந்த இரண்டிலும் இல்லை. அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் பாடுகிறார். "கடன்பட்டார் நெஞ்சம் போல்" என்ற வரியைக் கம்பன் வரி என்று மேடையிலேயே சொல்கிறார்கள். கம்பனில் தேடினால் கிடைக்காது. இந்தக் கதைகள் எல்லாம் தவறு என்று தூக்கி எறியச் சொல்லவில்லை. எது எங்கே இருக்கிறது என்று பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். கோடு இல்லை என்று தானே கண்டுபிடித்த பிள்ளை அதன் பிறகு எந்த வாட்ஸ்அப் செய்தியையும் அப்படியே நம்பாது. புஷ்பக விமானம்தான் முதல் ஆகாய விமானம், பிரம்மாஸ்திரம்தான் அணுகுண்டு என்று மட்டும் தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். இயற்பியல் படிக்கும் பிள்ளை ஒரே நாளில் அதைப் பொய் என்று அறிந்துகொள்ளும். அதோடு சேர்த்து மற்றதையும் பொய் என்று ஒதுக்கிவிடும்.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முழுவதையும் முடிக்க ஆசைப்படாதீர்கள். கம்பன் பாடியது பத்தாயிரம் பாட்டுக்கு மேல், வியாசர் பாரதம் லட்சம் சுலோகம் என்பார்கள். ஒரு படலம் போதும். சந்தி பிரித்த பதிப்பை வாங்குங்கள். பிரிக்காத பாட்டை நீட்டினால் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஓடத்தான் செய்யும், குற்றம் பிள்ளையுடையது இல்லை. முதலில் வாய்விட்டுப் படியுங்கள், பொருள் பிறகு. பால காண்டத்தில் விசுவாமித்திரர் வந்து கேட்கும்போது இராமனுக்குப் பதினாறு நிறையவில்லை என்று வான்மீகியில் தசரதன் சொல்கிறான். நம் பத்தாம் வகுப்புப் பையனின் வயது. அந்த வயதில் காட்டுக்குப் போய், தாடகை எதிரே வரும்போது, பெண் ஆயிற்றே என்று தயங்கி நிற்கிறான். அங்கே தொடங்குங்கள். நீதியைக் கடைசியில் எழுதி வாங்காதீர்கள். புரட்டாசியில் இராமாயணம் படிக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அங்கே பிள்ளைகளைப் பிரசாதம் வாங்க மட்டும் கூப்பிடாமல், நாளுக்கு நாலு பாட்டு அவர்கள் வாயால் படிக்கவிடுங்கள்.

சீதை தீயில் இறங்கும் மீட்சிப் படலத்தைப் பற்றிப் பெண் பிள்ளைகள் கேட்டால் தாயார்கள் கூடவே உட்கார்ந்து படியுங்கள். இராமன் சொல்லும் சுடுசொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். தீக்கடவுளே இந்த அம்மையின் கற்புத் தீ தன்னைச் சுட்டது, தாங்கவில்லை என்று வந்து முறையிடுவதையும் படியுங்கள். உங்களுக்கே கோபம் வந்தால் அதையும் மகளிடம் சொல்லுங்கள். ஏகலைவனைக் குருபக்தி என்ற ஒரே வார்த்தையில் மூடிவிடாதீர்கள். துரோணர் கட்டைவிரலை ஏன் கேட்டார், அதற்குப் பிறகு அருச்சுனன் மனம் எப்படி நிம்மதி அடைந்தது என்று பாரதமே ஒளிக்காமல் சொல்கிறது.

பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கு நடுவராக உட்காரும் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடித்ததும் உடனே மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த தாளில் இல்லாத ஒரு கேள்வி கேளுங்கள். அங்கதன் ஏன் வாள் ஏந்தினான் என்று கேளுங்கள். "தெரியவில்லை, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை விடையோடு வந்தால், கூட்டத்துக்கு முன்னால் நிறுத்திச் சொல்ல வையுங்கள்.