மனநிலைச் சீராக்கி: ‘அமைதி மாத்திரை’ என்று எழுதாதீர்கள்

மன எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய்க்குக் கொடுப்பவை மனநிலைச் சீராக்கிகள். மொரிசியசில் அவற்றில் லித்தியம், வால்ப்ரோயேட் எதுவானாலும் வீட்டுப் பேச்சில் ‘கல்மாங்’தான் (அமைதிப்படுத்துவது என்ற பிரெஞ்சுச் சொல்). பேச்சோடு போனால் போகட்டும். அதைத் தமிழாக்குகிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டு ‘அமைதி மாத்திரை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

கல்மாங் என்றால் பதற்றத்தை அப்போதைக்கு அடக்குவது. டயசெபாம் அந்த இனம். லித்தியம் வேலை செய்ய ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். மனம் தெளிவாக இருக்கும் நாளிலும் விழுங்க வேண்டும். ‘அமைதி மாத்திரை’ என்று சொல்லிக் கொடுத்தால், அமைதி வந்ததும் நிறுத்துவார்கள். திடீரென நிறுத்தினால் மன எழுச்சி (மேனியா) திரும்பும் ஆபத்து கூடும். நிறுத்தியே ஆகவேண்டுமென்றாலும், மருத்துவர் மேற்பார்வையில் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் வரை படிப்படியாகக் குறைப்பதே முறை.

ஆங்கிலத்தில் இந்த வகை மருந்து மூட் ஸ்டெபிலைசர், பிரெஞ்சில் தீமோரெகுலாத்தர். பிரெஞ்சுச் சொல்லின் முற்பாதி உள்ளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; தைராய்டு, தைமஸ் சுரப்பிகளோடு போட்டுக் குழப்ப வேண்டாம். லித்தியம் மன எழுச்சியைத் தணிக்கிறது என்று ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் 1949இல் எழுதினார். பின்னர் டென்மார்க்கின் மோகென்ஸ் ஸ்கௌ இந்த வகைக்கு வைத்த பெயரின் பொருள், ‘மனநிலையை இயல்பாக்குவது’.

இப்போது ‘மனநிலை நிலைப்படுத்தி’ பரவிவருகிறது. ஒரே சொல்லில் இரண்டு ‘நிலை’! காதுக்கு உறுத்துவதை விடுங்கள், பொருளே பிசகு. நிலைப்படுத்துவது என்றால் இருப்பதை இருந்தபடி நிறுத்துவது. மூன்று இரவு தூங்காமல் கடன் வாங்கிச் செலவழிக்கும் எழுச்சியை யார் நிலைநிறுத்தச் சொன்னார்கள்? மகிழ்ச்சியும் துக்கமும் வராமல் மனிதரை மரக்கட்டை ஆக்கும் மருந்து என்ற பயத்தையும் அந்தச் சொல்லே விதைக்கிறது. மேடு பள்ளம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை. அதிலும் எல்லாம் ஒன்றுபோல் அல்ல: லித்தியம் இரு பக்கமும் காக்கும், லாமோட்ரிஜின் பெரும்பாலும் சோர்வின் பக்கம்தான். ‘சீராக்கி’ இவ்வளவையும் தாங்கும், புரியவும் புரியும். ‘உளச்சமனி’ என்று சிலர் தூய தமிழ் வார்க்கிறார்கள். தூய்மைக்குக் குறைவில்லை, நோயாளிக்குத்தான் புரியாது.

சீராக்கிக்கு அளவு உயிர். பராமரிப்புக் காலத்தில் இரத்தத்தில் லித்தியம் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், 1.5ஐத் தாண்டினால் நச்சு. தைப்பூசக் காவடி நம் மொரிசியசுக் கோடையில் வருகிறது. விரதத்தில் உப்பைக் குறைத்து, வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கும். லித்தியமும் கூடவே தங்கும். கால்வலிக்கு இபுப்ரொஃபென் போட்டால் இன்னும் ஏறும், பாரசிட்டமால் போதும். கை பலமாக நடுங்குவது, வாந்தி, பேதி, நாக்குழறல், நடை தள்ளாடுவது தெரிந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரதம் எடுக்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. மொழிபெயர்ப்பில் ‘காலையில் பரிசோதனை’ என்று மொட்டையாக எழுதினால், காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அளவு பொய்யாக ஏறிக் காட்டும். ‘காலை மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு போடவும்’ என்று முழுதாக எழுதுங்கள்.