பழைய ஐபியை யார் யார் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகம் விற்கும் ஓர் அலுவலகம். பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர். முதலாளிக்கு வீடு ஓசூரில். அங்கிருந்து விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) போட்டால் கனெக்ட் ஆகும், சர்வர் மட்டும் திறக்காது. அலுவலகத்தில் ஐபி, அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள நெட்வொர்க் முகவரி எண், 192.168.1 வரிசை. அவர் வீட்டு ரவுட்டரும் அதே வரிசை. சர்வர் எங்கே என்று கேட்டால் லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தை 192.168.47 வரிசைக்கு மாற்றினேன். சர்வரில் ஐபி மாற்ற இரண்டு நிமிடம்தான். (வேறு இடத்திலிருந்து சர்வரின் திரையைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஓகே அழுத்தியதும் தொடர்பு அறுந்துவிடும், அப்புறம் ஆட்டோ பிடித்துப் போகவேண்டியதுதான்.) டெஸ்க்டாப் ஷார்ட்கட், ஸ்கேன் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், பேக்கப் எல்லாவற்றையும் திருத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மாதக் கடைசியில் போன். “தம்பி, சம்பளம் போடணும். 9ஆம் தேதிக்கு அப்புறம் ஒருத்தரும் வேலைக்கே வரலைன்னு காட்டுது.”

வாசலில் இருக்கும் கைரேகை மெஷின்! அதற்கும் பழைய வரிசை ஐபி, அது தேடியதும் சர்வரின் பழைய ஐபியை. பதிவுகள் அதன் மெமரியிலேயே இருந்தன. தப்பித்தேன்.

இப்போதெல்லாம் பழைய ஐபியை உடனே எடுப்பதில்லை. சர்வரின் அதே நெட்வொர்க் கார்டில் அதை இரண்டாவது முகவரியாகச் சேர்த்துவிடுவேன். அதற்குத் தனி கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) கிடையாது. ஒரே ஸ்விட்ச்சில் இருப்பதால், மறந்துபோன மெஷின்கள் வழக்கம்போல் வந்து போகும். சர்வரோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் நெட்ஸ்டாட் கமாண்டில் ‘லோக்கல் அட்ரஸ்’ பத்தியில் பழைய ஐபி தெரிந்தால், பக்கத்துப் பத்தியில் இருப்பவர்தான் ஆள். ஒரு நிமிடம் வந்து போகிறவர்கள் ஒரே பார்வையில் சிக்கமாட்டார்கள். அதனால் ஒரு சம்பளத் தேதி தாண்டும்வரை விட்டுவைப்பேன். சர்வர் டொமைன் கன்ட்ரோலராக (எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வராக) இருந்தால் இந்த வேலை வேண்டாம். இரண்டு முகவரியும் டிஎன்எஸ்ஸில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் பட்டியலில்) பதிவாகிக் குழப்பம்தான் மிஞ்சும்.

எங்கும் ஐபிக்குப் பதில் சர்வரின் பெயரைக் கொடுத்திருந்தால் பாதி வேலை மிச்சம். கம்ப்யூட்டர்களில் அப்படி மாற்றிவிட்டேன். அந்தக் கைரேகை மெஷின் மெனுவில் எண் போட மட்டும்தான் இடம் இருக்கிறது. புது ஐபியைச் சீட்டில் எழுதி அதன் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.