சாக்கை விரித்ததும் நாய்க்குள் என்ன நடக்கிறது?

"வீட்டுக்குள்ள 'உக்காரு'ன்னா உக்காருது, தோட்டத்துக்கு வந்தா காதே கேக்க மாட்டேங்குது." தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. நாய்க்குச் சொல் மறந்துபோகவில்லை. ஆடு, கோழி, டிராக்டர் என்று கவனம் சிதறிக் கிடக்கும்போது கட்டளை விழுகிறது, அவ்வளவுதான்.

செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ், உணவுக்குச் சற்று முன்னால் ஒரு சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால், பிறகு அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். அடுத்து வரப்போவதற்கு உடல் முன்கூட்டியே தயாராகிறது. பயிற்சிக்கு முன் நாம் செய்யும் வேலைகளும் அப்படி ஓர் அடையாளமாக மாறும். ஒரே வரிசையில் செய்தால்.

முதலில் ஐந்து முதல் பத்து நிமிடம், தளர்ந்த கயிற்றில் நடை. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகட்டும், ஆசைதீர மோந்து பார்க்கட்டும். இதில் அவசரம் காட்டினால் பாடத்தின் நடுவே மூக்கு தரைக்குப் போய்விடும். பிறகு கொஞ்சம் தண்ணீர். பயிற்சிக்கென்றே வைத்திருக்கும் கழுத்துப்பட்டையை மாட்டி, நாய் வந்து நிற்க ஒரு சாக்கை விரித்து, "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டு, ஒரு நொடி கழித்துத் தீனிப் பையில் கை வையுங்கள். நன்கு தெரிந்த இரண்டு மூன்று கட்டளைகள் முதலில். அதன்பின் புதியது, மூன்று முதல் ஐந்து நிமிடம். "போதும்" என்றதும் பட்டையைக் கழற்றிச் சாக்கை மடித்துவிட வேண்டும்.

அந்த ஒரு நொடியில்தான் பலர் தவறுகிறார்கள். சொல்லுக்கு முன்பே பை சலசலத்தால் நாய் பையைத்தான் கற்றுக்கொள்ளும், சொல் வெறும் ஓசையாகிவிடும். அதே பட்டையை மாட்டிக் குளிப்பாட்டினாலோ ஊசி போடக் கூட்டிப்போனாலோ, அதைக் கண்டதும் நாய் கட்டிலடியில் பதுங்கும். தினமும் சரியாக ஆறு மணிக்கே தொடங்கினால் ஐந்தே முக்காலுக்கே குரைத்துத் தவிக்கும். அவ்வளவு பரபரப்பில் எதுவும் மண்டையில் ஏறாது. எனவே நேரத்தை அரை மணி முன்பின் மாற்றுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

நம் ஊரில் நாய்க்கும் ராகிக் களிதான். வயிற்றுக்கு அது சரி, பரிசுக்குச் சரிவராது. வாயில் ஒட்டிக்கொண்டு நாய் மென்று முடிப்பதற்குள், எதற்குக் கொடுத்தோம் என்ற தொடர்பு அறுந்துவிடும். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, சொன்னதை நாய் செய்த ஒரு நொடிக்குள் கொடுங்கள். நாள் முழுவதற்கான உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். வயிறு நிறையத் தின்றவுடன் பயிற்சியும் வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்குள் முடித்துவிடுவது நல்லது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும். தரையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொசுங்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் சாக்கை எடுத்ததுமே வந்து நிற்கும். அப்போது அந்தச் சாக்கை வீட்டு வாசலுக்கும், பிறகு தோப்பு ஓரத்துக்கும், கடைசியாக ஆடு மேயும் இடத்துக்கும் கொண்டுபோய் விரியுங்கள்.