நீள இன்ஜினின் மேல் மூடியும் அடிச் சட்டியும்

பழைய ஆறு சிலிண்டர் காரின் பானட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது வால்வ் கவர்தான். டேப்பட் கவர் என்றும் சொல்வார்கள். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களை மூடிப் படுத்திருக்கும் நீளமான தகரம் அது. அடியில் தொங்கும் ஆயில் சம்ப்பை, அதாவது எண்ணெய் தேங்கும் சட்டியை, யாரும் பார்ப்பதில்லை. தரையில் எண்ணெய் சொட்டினால்தான் அதன் நினைவே வரும். இரண்டுக்கும் வார்ப்பு அலுமினியத்தில் பளபளப்பான மாற்றுப் பாகங்களை வெளி நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றை மாட்டிப் பார்க்கும்போதுதான் இந்த இன்ஜினின் நீளம் எவ்வளவு தொல்லை என்று தெரியவரும்.

வி வடிவ எட்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள்தான். செவ்ரோலே 250, ஃபோர்ட் 300 போன்ற இன்ஜின்களிலோ ஆறும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதனால் சிலிண்டர்களின் மேல் உட்காரும் ஹெட் ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளம். ஹெட் வார்ப்பிரும்பு, புதுக் கவர் அலுமினியம். ஒரு டிகிரி சூட்டுக்கு வார்ப்பிரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு நீள்கிறது, அலுமினியம் 23 பங்கு. இன்ஜின் 80 டிகிரி சூடேறினால் கவர் ஹெட்டைவிட 0.7 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டுவிடும். ஆறியதும் மறுபடி சுருங்கும். ஒவ்வொரு பயணத்திலும் இந்த இழுபறிக்கு நடுவே மாட்டிக்கொள்வது, இரண்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்தான். காய்ந்துபோன கார்க் இதைத் தாங்காது, வளைந்து கொடுக்கும் ரப்பர் தாங்கும். கவரின் போல்ட் துளைகளும் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும்.

சரி, இரும்புத் தகரக் கவருக்கு இந்தப் பிரச்சினை இல்லையே? இல்லைதான், அது ஹெட்டோடு சேர்ந்தே நீளும். அதன் வியாதி வேறு. கசிகிறது என்று போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவோம். போல்ட்டுக்குக் கீழே விளிம்பு பள்ளமாகும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே மேடாகும். கசிவு கூடும், திரும்பவும் முறுக்குவோம். மரக்கட்டையில் வைத்து விளிம்பைத் தட்டி நேராக்கி, போல்ட் தலைக்குக் கீழே அகலமான பட்டையைக் கொடுத்து அழுத்தத்தைப் பரப்பினால் தகரமே போதும். விளிம்பு தடித்த வார்ப்புக் கவர் இதில் பாஸ், எளிதில் வளையாது. அமெரிக்க நிறுவனமான ஏஎம்சியின் 258 இன்ஜினுக்கு 1980களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் கவர் வந்தது. அது கசிவுக்குப் பேர்போனது. அதை வைத்திருப்பவர் அலுமினியத்துக்கு மாறுவதை அலங்காரம் என்று சொல்ல மாட்டேன்.

கவரின் உட்புறத்தைப் பார்க்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசியும். பிசிவி வால்வ் அதை உறிஞ்சி மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பும். அந்த வால்வ் பல இன்ஜின்களில் இந்தக் கவரில்தான் செருகப்பட்டிருக்கும். ராக்கர்கள் அங்கே எண்ணெயை வாரி இறைப்பதால், துளைக்குக் கீழே ஒரு தடுப்புத் தகடு வேண்டும். அழகுக்காகச் செய்த சில கவர்களில் அது இருக்காது. அப்புறம் எண்ணெயும் சேர்ந்து உறிஞ்சப்பட்டு நீலப் புகை வரும், உரிமையாளர் பிஸ்டன் வளையங்களைச் சந்தேகிப்பார்.

கவர் மேலுள்ள துடுப்புகள் இன்ஜினைக் குளிர்விக்குமா? பெரிதாக இல்லை. காற்று மோதும் இடத்தில் இருக்கும் சம்ப்பில் அவற்றுக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. ஆனால் கல் பட்டால் இரும்புச் சம்ப் நசுங்கும், வார்ப்பு அலுமினியம் விரிசல் விடும்.

சம்ப்பில் நீளம் வேறு விதமாகத் தொல்லை தரும். எண்ணெய் தேங்கும் ஆழப் பகுதி 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பாதி அளவு வேகமுடுக்கத்தில் கார் பாய்ந்தால், எண்ணெய் மட்டம் பின்முனையில் 7.5 சென்டிமீட்டர் ஏற முயலும், முன்முனையில் அதே அளவு இறங்கும். பிரேக் போட்டால் தலைகீழ். ஆழப் பகுதி பின்னால் இருக்கும் இன்ஜினில், எண்ணெய் முன்னாலுள்ள ஆழமற்ற நீளத் தளத்துக்கு ஓடிவிடும். பம்ப்புக்கு எண்ணெய் எடுக்கும் உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும், பேரிங்குகளில் எண்ணெய் அழுத்தம் விழும். நல்ல சம்ப்பில் குறுக்குத் தடுப்புகளும், உள்ளே வரவிட்டு வெளியே போகவிடாத சிறு கதவுகளும் இருப்பது இதற்காகத்தான். அவற்றுக்கு மேலே ஒரு தட்டும் வைப்பதுண்டு. நிமிடத்துக்கு 4000 சுற்றில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு நொடிக்கு 67 முறை சுழல்கிறது. அந்தச் சூறாவளி எண்ணெயை நுரையாக்காமல் தட்டு காக்கும்.

எந்தச் சம்ப்பையும் எந்த இன்ஜினுக்கும் மாட்டிவிட முடியாது. செவ்ரோலேயின் பழைய 216 இன்ஜினில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் அடியில் சிறு அகப்பைகள் உண்டு. சம்ப்புக்குள் இருக்கும் தொட்டிகளிலிருந்து அவை எண்ணெயை மொண்டு பேரிங்குக்குக் கொடுக்கும். அங்கே தொட்டியில்லாத சம்ப்பை மாட்டினால் பேரிங் பட்டினிதான்.

ஆழமான சம்ப் வாங்கினால் உறிஞ்சு குழாயையும் நீட்ட வேண்டும். பழைய குழாயையே விட்டுவிட்டால், கூடுதலாக ஊற்றிய எண்ணெய் அதற்கு எட்டாமல் அடியில் கிடக்கும். சரிபார்க்கக் கொஞ்சம் களிமண் போதும். குழாயின் வாயில் அதை உருட்டி ஒட்டி, கேஸ்கெட்டோடு சம்ப்பைப் பொருத்தி, கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளக்க வேண்டும். பொதுவாக 6 முதல் 10 மில்லிமீட்டர் இருந்தால் சரி. களிமண் நசுங்கவே இல்லை என்றால் குழாய் அடியை எட்டவில்லை, அதைக் கழற்றி நீட்ட வேண்டியதுதான்.