பெரிய காலிபர் வாங்கிவிட்டால் எருமை நின்றுவிடுமா?

ஆப்பிரிக்காவுக்கு எருமை, யானை வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் கனரக ரைஃபிள் பழக்கிவிடுவது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எதை வாங்கினால் சுட்ட இடத்திலேயே விழும்?" என்றுதான். அப்படியொரு துப்பாக்கி கிடையாது. இதை நம்ப மறுப்பவரின் அவசரத்துக்கு விலை கொடுப்பது, குண்டடிபட்டு ஓடும் மிருகமும் அதன் தடம் பார்த்துப் புதருக்குள் முன்னே நடக்கும் ஆளும்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற கனரகத் தோட்டா, 500 கிரெயின் குண்டை, அதாவது 32 கிராமுக்குச் சற்று மேல், நொடிக்கு சுமார் 655 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஆற்றல் ஏறக்குறைய 6,950 ஜூல். மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குண்டின் உந்தம், அதாவது எடையும் வேகமும் பெருக்கியது, முழுவதும் 700 கிலோ எருமைமேல் இறங்கினாலும், அதன் உடம்புக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டர். எந்த ரைஃபிளும் எருமையைத் தள்ளி வீழ்த்துவதில்லை.

உடனே நிறுத்த வேண்டுமானால் மூளையிலோ தண்டுவடத்திலோ பட வேண்டும். இதயம் கிழிந்தால் சாவு நிச்சயம், ஆனாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் இன்னும் சில நொடிகள் தாங்கும். பத்து நொடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எருமை அதற்குள் 140 மீட்டர்வரை ஓடிவிடும். நீங்கள் நிற்பதோ பெரும்பாலும் அதில் பாதித் தூரத்துக்குள்.

அந்தக் கால யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், பெரும்பகுதியைச் சிறிய 7×57 மில்லிமீட்டர் ரைஃபிளால். மூளை எங்கே இருக்கிறது என்று அவருக்கு எந்தக் கோணத்திலும் தெரியும். அந்தத் திறமை நமக்கில்லை என்பதால்தான் கனமான குண்டு வேண்டியிருக்கிறது. தேன்கூடு போன்ற யானை மண்டையெலும்பையோ எருமையின் தோள் எலும்பையோ துளைத்து, திசை மாறாமல் உள்ளே போக வேண்டும். அங்கே விரியாத சாலிட் குண்டு, அதிலும் தட்டை மூக்குள்ளது, உருண்டை மூக்குள்ளதைவிட நேராகப் போகும். பல நாடுகளில் .375 தான் குறைந்தபட்ச அளவு; நமீபியா இதை 5,400 ஜூல் என்று ஆற்றலில் வகுத்திருக்கிறது. .375 ஹெச் அண்ட் ஹெச் தோட்டா 1912-இல் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு இன்றும் நான் சொல்வது அதைத்தான்.

ஆப்பிரிக்க வேட்டைக்காரர் ஜான் டெய்லரின் 'நாக்-அவுட்' எண்ணை, அதாவது குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கிப் போட்ட கணக்கை, காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. மூளைக்கு அருகே தவறிப் பட்ட குண்டு யானையை எவ்வளவு மயக்கும் என்று ஒப்பிடத்தான் அவர் அந்தக் கணக்கைப் போட்டார். குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பது அதில் இல்லவே இல்லை.

ஆளைக் கெடுப்பது சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதை. பழகுபவருக்குத் தெரியாமல் மேகஸினில் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து கொடுப்பேன். விசை இழுபட்டதும் 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வரும். உதையை எதிர்பார்த்துக் குழல்முனையோ சட்டென்று கீழே குத்தும், கண் இறுக மூடியிருக்கும். 40 மீட்டரில் எருமையின் நெஞ்சைத் தவறவிட அந்தக் குத்தலே போதும். இப்படிச் செய்பவரிடமிருந்து பெரிய .458 ரைஃபிளை வாங்கி வைத்துவிட்டு .375-ஐக் கொடுப்பேன். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

களத்தில் முதல் குண்டு பட்டதும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மிருகம் கண்ணில் தென்பட்டுக்கொண்டிருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருங்கள். விழுந்தபின் மேகஸினை நிரப்பிக்கொண்டு, பின்புறமாக நெருங்கி, அசையாமல் கிடந்தாலும் இன்னொரு குண்டு போடுங்கள். பிறகு நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசைந்தால் மறுபடியும் சுடுங்கள்.