ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் சரியாகிவிடுமா?

குதிகால் வலி, முட்டி வலி என்று பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் எக்ஸ்ரே கவரை மறக்காமல் கொண்டுவருகிறார்கள். வாக்கிங் போகும் ஷூவைக் கொண்டுவாருங்கள் என்றால்தான் விநோதமாகப் பார்க்கிறார்கள். அந்த ஷூவில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு, நீளம் மிஞ்சியிருக்கும், அகலம் போதாது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது சுண்டுவிரல் பக்கம் பிடிக்கிறது. உடனே அதே மாடலில் அடுத்த சைஸ் வருகிறது. பிடிப்பு கொஞ்சம் தளர்ந்ததும் பில் போட்டுவிடுகிறோம். நம் கடைகளில் புழங்கும் யூகே அளவில் ஒரு சைஸ் கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது. விரல்கள் மடங்கும் இடம் ஒன்று, ஷூ மடங்கும் இடம் வேறு என்று ஆகிவிடும். குதிகால் உள்ளே ஏறி இறங்கி உரசும். சரிவில் இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி, பெருவிரல் நகம் முட்டி முட்டிக் கறுத்துப்போகும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவுகிறவர்களும் உண்டு.

இதில் நம் தப்பு மட்டும் இல்லை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்று தெரியவந்தது. ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவுமுறையை முன்வைத்ததும் அதனால்தான். அது கடைக்கு வரும்வரை, ‘வைடு’ அல்லது கூடுதல் அகலத்தைக் காட்டும் 2ஈ (2E), 4ஈ (4E) என்று குறித்த மாடல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் பக்கவாட்டில் வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது போங்கள். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள் வேகமாக நடந்து பாருங்கள். “போடப் போட சரியாகிடும் சார்” என்பதைத் தோல் செருப்புக்கு வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். ஸ்போர்ட்ஸ் ஷூ என்றால் கடையிலேயே சுகமாக இருக்க வேண்டும். குதிகால் லேசாக நழுவினால் மட்டும், மேலே காலியாக விடும் கடைசி ஓட்டையிலும் லேஸைக் கோத்துக் கட்டிப் பாருங்கள்.

தட்டைப் பாதத்துக்குத் தனி ஷூ அவசியமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்க ராணுவப் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்துச் செய்த ஆய்வுகளில் காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. வலி ஏதும் இல்லாதவர் அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

அப்புறம், ரன்னிங் ஷூவோடு ஷட்டில் ஆடாதீர்கள். அதன் உயரமான, மெத்தென்ற அடிப்பாகம் நேராக ஓடுவதற்கானது. பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் எளிதில் பிரளும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ‘கடிக்கவில்லை’ என்பதை நம்பி வாங்கக் கூடாது. புண் வந்தபிறகும் அவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம். இன்சோலில் நின்று பார்த்தே முடிவு செய்யட்டும். புது ஷூவை முதல் வாரம் வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தினமும் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவி, கல்லோ மடிந்த துணியோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும்.