வோட்டர் பம்பைக் கெடுப்பது குழாய்த் தண்ணீர்

கொழும்பில் தண்ணீர் உறையப் போவதில்லை, பிறகு கூலன்ட் எதற்கு? வாகனம் வைத்திருக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. காலையில் ரேடியேட்டருக்கு அரைப் போத்தல் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காலி வீதியில் இறங்குவது சிலருக்குப் பழக்கமாகவே போய்விட்டது. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்டை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓட்டுவது வோட்டர் பம்ப். அது ஓடுவது மூடிய சுற்றில். தினமும் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்ற ஊற்ற அந்த ஒழுக்கு கண்ணில் படாமல் வளரும்.

உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. நமக்கு வேண்டியவை மற்ற இரண்டும்: உலோகம் அரிக்காமல் காப்பது, கொதிநிலையை உயர்த்துவது. பம்பின் தண்டில் கசிவைத் தடுக்கும் சீலில் இரண்டு வளையங்கள் உண்டு, ஒன்று நிற்க மற்றது அதில் உரசிச் சுழல்கிறது. இடையே நிற்கும் மெல்லிய கூலன்ட் படலம்தான் அவற்றுக்கு எண்ணெய். வெறும் தண்ணீர் ஊற்றினால் துருவும் படிவும் கிளம்பி அந்த உரசும் முகத்தைத் தேய்க்கும். கடலோரக் கிணற்றின் உவர்த்தண்ணீர் அலுமினியத்தையே தின்னும்.

சீல் தேய்ந்ததும் கசிவு தண்டைத் தாங்கும் பெயாரிங்குக்குள் போகாமல் வெளியேறவென்று பம்பின் உடலில் ஒரு சிறு துளை உண்டு. டோர்ச் அடித்து அதைப் பாருங்கள். அதன் கீழே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்த தடம் ஓடியிருந்தால் பம்ப் போகத் தொடங்கிவிட்டது. அந்தத் துளையைச் சிலிக்கோன் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒழுக்கு அப்போது பெயாரிங்குக்குள் திரும்பும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அது ஓடும் சக்கரமான புல்லியைக் கையால் ஆட்டிப் பார்ப்பது அடுத்த சோதனை. ஆட்டமோ கரகரப்போ கொஞ்சமும் இருக்கக்கூடாது.

ஹீட் மீற்றர் முள் ஏறும் எல்லா நேரமும் குற்றவாளி பம்ப் அல்ல. கலர் லைட்டில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். அதிவேக வீதியிலோ கடுகண்ணாவ ஏற்றத்திலோ ஏறினால் பம்ப், அடைத்த ரேடியேட்டர், கூலன்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டட் மூன்றையும் சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் மூடியையும் மறக்க வேண்டாம். பல வாகனங்களில் 1.1 பார் வரை அழுத்தம் தாங்க வேண்டிய மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவிக்குமிழிகளை அடித்துக்கொண்டிருக்கும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது.

ஹைபிரிட்காரருக்கு வேறு கணக்கு. 2009இல் வந்த டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸிலும், அதன் பின் வந்த அக்வாவிலும் எஞ்சின் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது, பெல்ட்டே இல்லை. கசிவும் சத்தமும் இல்லாமலே அது நின்றுபோகலாம். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்ப மாற்றும் இன்வேட்டருக்குத் தனிப் பம்பும் தனித் தாங்கியும் உண்டு. வாகனம் 'ரெடி' நிலையில் இருக்கும்போது அந்தத் தாங்கிக்குள் திரவம் அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் வாகனத்தை ஓட்ட வேண்டாம்.

பம்பை மாற்றும்போது, கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பழைய பம்ப் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். உலர்ந்து கிடந்த சீல் எத்தனை நாள் தாங்கும் என்று விற்பவருக்கும் தெரியாது. கூலியோ இரண்டு தரம் போகும். புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்து கூலன்டைத் தள்ளும் இதழ்களின் எண்ணிக்கை, ஆழம், துளைகளின் இடம் எல்லாம் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். டைமிங் பெல்ட்டால் பம்ப் சுழலும் எஞ்சின் என்றால் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவது லாபம், இரண்டுக்கும் கழற்றும் வேலை ஒன்றுதான்.

புல்லி போல்ட்டுகளைப் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திக்கொண்டால் பிறகு புல்லி கூடவே சுற்றாது. பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். இரும்பு பட்டால் அலுமினிய முகத்தில் கோடு விழும், ஒழுக்கு அங்கேயே தொடங்கும். ஓ-ரிங்கோ உலோகக் கேஸ்கட்டோ இருக்கும் இடத்தில் சிலிக்கோன் பூசத் தேவையில்லை. பிதுங்கி உள்ளே போன துணுக்கு ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கமே போதும். கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து, குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக இறுக்குங்கள். கூலன்ட் இல்லாமல் எஞ்சினை 'ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது' புது சீலை அப்போதே கெடுக்கும்.

நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். கொழும்பில் யாரும் தொடாத அந்தத் திருகிக்கு வேலை வருவது இப்போதுதான். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட் கலந்தே வருகிறது, அதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். செறிவாக விற்பதைப் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கவேண்டும். எஞ்சின் சூடாகி முழுதாக ஆறிய பின் மட்டத்தை மறுபடி பார்த்து, குறைந்த அளவை நிரப்புங்கள். முதல் நாள் கசிவுத் துளையில் ஓரிரு துளி தெரிந்தால் பயமில்லை, சீல் படிகிறது. ஒரு வாரம் கழித்தும் ஈரம் இருந்தால் பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள். வடித்த பழைய கூலன்டைக் கானில் ஊற்றாதீர்கள். அது இனிக்கும், நக்கும் நாய் பூனை சாகும்.